ஆறாம் நாற்காலிக்காரரின் தேள்மீன்

டிராயிங் மாஸ்டர் ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அது அவர் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நாள். திங்கள், புதன், வெள்ளி அவருக்கு டயாலிசிஸ். திங்கட்கிழமை இங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு செவ்வாய்க்கிழமை வண்டியேறினால், புதன்கிழமை காலை மகள் இருக்கும் நகரத்தில் வேறொரு மிஷினுக்குக் கையை நீட்டிவிடலாம். ஆறு வருஷமாக அவர் போன கல்யாண வீடு, சாவு வீடு எல்லாமே இப்படி இரண்டு ஊசிகளுக்கு நடுவில்தான் அடங்க வேண்டியிருந்தது.

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரியின் சலவை வேன் வந்து நின்றது. அழுக்குப் போர்வை மூட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று, எட்டு கேன் உப்புத் தண்ணீர், ஈரச் சாக்கில் சுற்றிய பாறைத் துண்டுகள். டிரைவருக்குப் பக்கத்தில் மாஸ்டர். அவர் மடியில் மூடி போட்ட வாளி. வாளிக்குள் ஒரு தேள்மீன்.

நான் அப்போது வெகு தூரத்தில் ஒரு பழத்தோட்டத்தில் கூடை சுமந்துகொண்டிருந்தேன். அன்று நடந்ததை அம்மா ஒரு விதமாகவும் அக்கா ஒரு விதமாகவும் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

என் அக்கா அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். மாஸ்டர் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். "நான் சிஸ்டர் இல்ல சார், டெக்னீஷியன்" என்று முதல் வருஷம் முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். "அது வாயில நுழைய மாட்டேங்குது சிஸ்டர்" என்று ஆறு வருஷத்தையும் ஓட்டிவிட்டார் அவர். ஆறாம் நம்பர் நாற்காலி அவருடையது. ஜன்னல் ஓரம்.

தொட்டியைக் கேட்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஒருவர் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர். இன்னொருவர் மாஸ்டரின் தங்கை மகன். இருவருக்கும் தர மாட்டேன் என்றுவிட்டார்.

"என் ரத்தத்துக்கே தண்ணி கலந்து குடுத்தவங்க நீங்க. என் மீனுக்குக் கலக்க மாட்டீங்களா?" என்று அக்காவைக் கேட்டாராம்.

"எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார்."

"மீனைப் பத்தித் தெரிஞ்சவங்ககிட்டத்தான் மீன் செத்துப்போகும். தண்ணியைப் பத்தித் தெரிஞ்சா போதும்."

மாஸ்டர் தொட்டி வைத்த காரணம் வேறு. சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அவருக்கு முக்கால் லிட்டர். மாத்திரைக்கு, காபிக்கு, சாதத்தில் இருக்கும் ஈரத்துக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். மனிதருக்கு எந்நேரமும் தண்ணீர் ஞாபகம். குழாய்ச் சத்தம் கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். அப்புறம் யோசித்து உப்புத் தண்ணீர்த் தொட்டி வாங்கினார். "பாக்கலாம், குடிக்கத் தோணாது. அது ஒண்ணுதான் எனக்கும் தண்ணிக்கும் ஒத்து வந்துச்சு" என்பார்.

அப்படியும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று கிலோ தண்ணீரை உடம்பில் ஏற்றிக்கொண்டு வந்து நிற்பார். எடை மேடையில் அக்கா முறைப்பாள்.

"என்ன சார் இது?"

"தொட்டியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் சிஸ்டர். கண்ணு வழியா ஏறிருக்கும்."

கூடத்தில் தொட்டியைப் பொருத்தி, பாறைகளை அவர் கையாலேயே அடுக்கி, விளக்கைப் போட்டுப் பார்க்க மதியம் ஆகிவிட்டது. சின்னத் தேள்மீன் அது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளம். சிவப்பும் பழுப்புமாகத் துருப்பிடித்த பூட்டு மாதிரி இருக்கும். தாடையிலும் கண்ணுக்கு மேலும் கிழிந்த துணியோரம் போலத் தோல் தொங்கும். நீந்தாது. ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தால் நாள் கணக்கில் அங்கேயே இருக்கும். வாய்க்கு முன்னால் எதாவது அசைந்தால் திறந்து மூடும், அவ்வளவுதான். வாயில் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும் என்பதால் கூட வேறு மீன் கிடையாது. பவளங்களும் நத்தைகளும் மட்டும். முதுகில் முள். முள்ளில் விஷம்.

"குத்திருச்சுன்னா சுடுதண்ணியில கையை வைங்க. தாங்குற சூடு. ஐஸ் வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தைத் தொட்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டினார். பென்சிலில் வரைந்த தொட்டியின் படம். ஒவ்வொரு பாறையும் அதன் வெடிப்போடு இருந்தது. மீன் வழக்கமாக உட்காரும் நாலு இடங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண் போட்டிருந்தார். ஓரத்தில் சாப்பாட்டு நாள்: திங்கள், புதன், வெள்ளி.

"எனக்கு மிஷின் அன்னைக்கு அவனுக்குச் சோறு. மறக்காது பாருங்க."

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாராம்: "அங்க பெயரைப் பதிஞ்சு காத்திருக்கணும். எப்ப கிட்னி கிடைக்கும்னு தெரியாது. கிடைச்சு, ஒரு டம்ளர் தண்ணிய ஒரே மூச்சுல குடிக்கிற அன்னைக்கு உங்களுக்குச் சொல்றேன். அதுவரைக்கும் நீங்க கூப்பிடாதீங்க."

"ஏன் சார்?"

"எடை எவ்வளவுன்னு கேப்பீங்க. அதுவரைக்கும் இவனை வெச்சிருங்க."

"வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா.

இந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வித்தியாசமில்லை. இருவருமே அதை ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

*

அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். காலை ஐந்தே முக்காலுக்கு அவள்தான் முதல் ஆள். நோயாளிகள் படுக்கும் பெரிய அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நீளமான உருளைகள். ஒரு துண்டுக் காகிதத்தை நனைத்து, நிறம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பாள். மாறினால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். இருந்தால் ஆறு பேர் ரத்தத்தில் அது போகும். பிறகு ஆறு மிஷினிலும் உப்புக் கலவையின் எண்ணைப் பார்ப்பாள். பதினாலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்புறம் கையெழுத்து. அதற்கு அப்புறம்தான் கதவு திறக்கும். "எத்தனை கிலோ கொண்டு வந்தீங்க?" என்பதுதான் அங்கே காலை வணக்கம்.

பதினாறு வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்ட எண் ஒருமுறையும் தப்பானதில்லை. இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுடைய இன்சார்ஜ் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

அதனால் தொட்டி அவளுக்குக் கஷ்டமாக இல்லை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் புதிதாக வருகிறவர்கள் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கெடுப்பார்களாம். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு அங்கேயேதான் இருக்கும், ஆகவே நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மீன் கடைக்காரருக்கு ஆச்சரியம்.

"இதுக்கு முன்னாடி என்ன வெச்சிருந்தீங்க?"

"மனுஷங்க. ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர்."

சாப்பாடு கொடுப்பதுதான் பழக வேண்டியிருந்தது. உறைந்த இறாலை இளக்கி, நகக்கண் அளவு துண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குச்சி ஒன்றின் நுனியில் செருகி, மீனின் வாய்க்கு முன்னால் உயிருள்ளது போல ஆட்ட வேண்டும். புது வீட்டுக்கு வந்த கோபத்தில் முதல் பத்து நாள் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் குச்சி வெடுக்கென்று இழுபட்டது. அக்கா படத்தின் ஓரத்தில் ஒரு டிக் போட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு டிக்.

அம்மா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டாள். "வீட்டோட மாப்பிள்ளை. நகர மாட்டாரு, வேலைக்குப் போக மாட்டாரு, வாய்க்கு நேரா கொண்டு போய்க் குடுக்கணும். தொட்டா குத்துவாரு."

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா சொன்னதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. அக்கா கண்டுகொள்ள மாட்டாள்.

*

ஒன்றரை வருஷம் கழித்து நான் வீடு திரும்பினேன். போன ஊர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு ஊரில் இருக்கும்போது அடுத்த ஊரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், கடைசியில் அடுத்த ஊர் என்று ஒன்றும் மிச்சமில்லை. வந்து இரண்டு வாரம் தூங்கினேன். "உலகத்தையே சுத்துனவ இப்ப கூடத்தைத் தாண்ட மாட்டேங்கறா" என்றாள் அம்மா.

அக்காவைப் பார்த்ததும் அவள் உடம்பு சரியில்லை என்று நினைத்தேன். உடம்பு சரியாகத்தான் இருந்தது. களைப்பு. அவளோடு வேலை செய்த இரண்டு டெக்னீஷியன்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள், இன்னொருவன் வெளிநாடு போய்விட்டான். நாலு மாதமாக அக்காவுக்கு வாரத்தில் ஆறு நாளும் இரண்டு ஷிப்ட். காலை ஐந்தே முக்காலுக்குப் போனால் மாலை நாலரைக்கு வருவாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம். ஒரு நாள் கதவைத் திறந்த அம்மாவைப் பார்த்து, "எத்தனை கிலோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"எடை போட நான் என்ன கத்திரிக்காயா?" என்று கேட்டாளாம் அம்மா. அக்கா சிரிக்கவில்லை. தான் என்ன கேட்டோம் என்பதே அவளுக்குப் புரியவில்லை.

ஆனாலும் திங்கள், புதன், வெள்ளி தவறாது. வந்ததும் ஆஸ்பத்திரியில் செய்வது போல முழங்கை வரை கழுவுவாள். இறாலை இளக்குவாள். குச்சியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டு போவாள். ஆட்டுவாள். வெடுக்கென்று இழுபடும். டிக். பிறகு சோபாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாய்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். எனக்கு வேலை எதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது மூலையில், தண்ணீரைச் சுழற்றும் பம்பின் குழாய்க்குப் பின்னால் ஒரு கல் மூச்சு விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கல்லுக்குக் கண் இருந்தது. தாடையில் தோல் தொங்கியது. வயிறு உள்ளே போய், முதுகெலும்பு தெரிகிற மாதிரி ஒட்டிக் கிடந்தது.

அப்படியானால் இரண்டாம் இடத்தில் இருப்பது யார் என்று பார்த்தேன். சிவப்பும் பழுப்புமாக, சாய்ந்த மாதிரி, அதே அளவில் ஒன்று. எவ்வளவு நேரம் பார்த்தும் மூச்சு விடவில்லை. அதன் அடியில் ஒரு பொந்து. பொந்திலிருந்து ஒரு நண்டு வந்து, கொடுக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போயிற்று. பாறையோடு ஒளிந்து வந்ததாக இருக்கும், நல்ல கொழுத்த நண்டு.

நாலரைக்கு அக்கா வந்தாள்.

"அக்கா, மீனு ரெண்டா?"

"ஒண்ணுதான்டி. ஏன்?"

"அப்ப மூலையில இருக்கறது யாரு?"

கையைக் கழுவாமலே வந்து குனிந்தாள். டார்ச்சை எடுத்து வரச் சொன்னாள். முதலில் மூலையைப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தை மெல்ல இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனாள். நண்டு கொடுக்கைத் தூக்கிக் காட்டியது.

"மீனு எப்ப மூலைக்குப் போச்சு?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"எனக்கு என்ன தெரியும்? மாப்பிள்ளை என்னைக்கும் கல்லு மாதிரிதானே இருப்பாரு."

அக்கா படத்தின் ஓரத்தில் இருந்த டிக்குகளைப் பின்னாலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே போனாள். பத்தாவது டிக்கில் விரல் நின்றது. "இது போட்ட அன்னைக்கு வாயைத் தொறந்ததைப் பாத்தேன்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "பாத்தேன்னு நினைக்கறேன்" என்றாள்.

மூன்று வாரம். மூன்று வாரமாக அவள் கல்லுக்குச் சோறு போட்டிருக்கிறாள். பொந்துக்குள்ளிருந்து நண்டு இழுத்ததை மீன் இழுத்ததாக நினைத்து டிக் போட்டிருக்கிறாள்.

அவள் அழவில்லை. போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போட்டாள்.

"நான்தான் பேசறேன். ஆறு மிஷினையும் மறுபடி பாருங்க. பின்னாடி தண்ணியையும் பாருங்க."

அந்தப் பக்கம் என்ன கேட்டார்கள் என்பது அவள் பதிலிலிருந்து தெரிந்தது.

"ஆமா, நான்தான் பாத்தேன். அதனாலதான் சொல்றேன்."

பத்து நிமிஷம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாக இருந்தது. பதினாலு. காகிதமும் நிறம் மாறவில்லை. "சரி" என்று வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் சரியாக இருந்ததை அவள் நம்பிய மாதிரி இல்லை.

பிறகு இறாலை இளக்கினாள். மூலைக்குக் குச்சியை நீட்டினாள். மீன் பார்க்கவில்லை. குழாய் இடைஞ்சலாக இருந்தது. குழாயை ஒதுக்க இடது கையை உள்ளே விட்டாள். அவள் கத்தவில்லை. கையை வெளியே எடுத்து, நடுவிரலைப் பார்த்து, "அம்மா, தண்ணி சுட வை" என்றாள்.

*

ஒன்றரை மணி நேரம் அவள் கை சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் இருந்தது. நான் என் கையை விட்டுச் சூடு பார்த்துப் பார்த்து ஊற்றினேன். அம்மா கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். விரல் வீங்கி மினுமினுத்தது. நெற்றியெல்லாம் வேர்வை. வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"வலிக்குதா?"

"வலிக்குதுடி. நல்லா வலிக்குது. இவ்வளவு விஷம் இருக்குன்னா தெம்பு இருக்குன்னுதானே அர்த்தம்?"

"குத்துனவருக்கு வக்காலத்தா?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "மாப்பிள்ளைன்னு நான் சும்மா சொல்லலை."

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே பேசினாள். கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

"ஒண்ணாம் நம்பர்ல ஒரு தையல்காரம்மா இருந்தாங்க. மூணு வருஷம். ஊருக்குப் போறேன்னு போனாங்க. நாலாம் நம்பர்ல ஒரு லாரி டிரைவர். தம்பி கிட்னி குடுக்கறான்னு இனிப்பெல்லாம் குடுத்துட்டுப் போனாரு. போனவங்க போனவங்கதான்டி. செத்துட்டாங்கன்னா எங்களுக்குத் தாள் வரும், நாற்காலி காலியாயிருச்சுன்னு. நல்லாயிட்டாங்கன்னா ஒண்ணும் வராது. நல்லாயிட்டவங்க எதுக்கு எங்களை நினைக்கணும்? அந்த வாசனையே அவங்களுக்கு மறந்துபோகணும். அதுதான் நல்லது."

தண்ணீர் ஆறிவிட்டது. நான் ஊற்றினேன்.

"இவரு ஒருத்தர்தான் சொல்றேன்னாரு. நான் வெச்சிருக்கேன்னேன். அவரு சொல்ற அன்னைக்கு நான் என்னத்தச் சொல்றது? கல்லை வெச்சிருக்கேன்னா?"

அம்மா கெட்டிலைக் கொண்டு வந்து வைத்தாள்.

ஆறு மணிக்கு இன்சார்ஜ் சிஸ்டருக்குப் போன் போட்டாள். வலது கையால் தூக்கிப் பிடிக்கவும் அவளுக்குத் தெம்பில்லாததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன்.

"நாளைக்கு வர முடியாது சிஸ்டர். விரல் வீங்கிருச்சு. ஊசி பிடிக்க முடியாது."

"என்ன ஆச்சு?"

"தேள்மீன் குத்திருச்சு."

"தேளா, மீனா? ஒண்ணைச் சொல்லு."

"மீனுதான். வீட்டுல வெச்சிருக்கேன்."

"லீவு ஃபாரத்துல நான் என்னன்னு எழுதறது? வீட்டு மீன் குத்திருச்சுன்னா? மேல இருக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். இன்னொண்ணு. இனிமே ரெண்டாவது ஷிப்ட் நான் பாக்க மாட்டேன். அதையும் எழுதிக்கங்க."



"ஆள் இல்லாத நேரத்துல இப்படிச் சொன்னா எப்படிம்மா? அதுக்கு என்ன காரணம் எழுத?"

"கல்லுக்குச் சோறு போட்டேன்னு எழுதுங்க."

"என்னது?"

அக்கா விளக்கிச் சொன்னாள். மூன்று வாரம், நண்டு, டிக் எல்லாம். இன்சார்ஜ் சிஸ்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "மிஷினெல்லாம் பாத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "நான் பாத்துக்கறேன், நீ கையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டார் என்று முழுசாகச் சொல்ல முடியாது. புது ஆள் வர ஏழு வாரம் ஆனது. அதுவரை வாரத்தில் இரண்டு நாள் அக்கா இரண்டாவது ஷிப்டும் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாட்களில் அவள் பார்த்த எண்ணை இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளே விதி வைத்துவிட்டாள். பதினாறு வருஷம் தப்பாத கைக்கு மேல் நேற்று வந்த நர்ஸ் கையெழுத்துப் போடுவதா என்று சிலருக்குச் சங்கடம். அக்காவுக்கு இல்லை.

மீன் அவ்வளவு சீக்கிரம் மன்னிக்கவில்லை. செத்த இறாலை அது பார்க்கவே இல்லை. கடைக்காரர் உயிரோடு சின்ன இறால்கள் கொண்டு வந்து கொடுத்தார், கண்ணாடி போல உள்ளே தெரிகிறவை. முதல் நாள் விட்டது அதன் மூக்கு மேலேயே ஏறி இறங்கிப் போயிற்று. மீன் அசையவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். அக்கா வீங்கிய விரலை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் லீவில் அவள் வேறெதுவும் செய்யவில்லை. அப்படியே உட்கார்ந்து தூங்குவாள், விழிப்பாள், பார்ப்பாள். மூன்றாம் நாள் மதியம் நான் சமையலறையில் இருந்தபோது, "போச்சு" என்று அவள் குரல் கேட்டது. மீன்தான் போயிற்று என்று ஓடினேன். இறால் போயிருந்தது.

அன்று அவள் டிக் போடவில்லை. "வயிறு தெரியட்டும், அப்புறம் போடறேன்" என்றாள். வயிறு தெரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் குச்சிக்கு மறுபடி பழகியது.

நண்டைப் பிடிக்க நான்கு நாள் பாடுபட்டோம். ஒரு சீசாவில் போட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தபோது, "இவ்வளவு புஷ்டியான நண்டு எங்க கிடைச்சுது?" என்றார்.

"அந்தக் கல்லையும் தூக்கிப் போட்டுரலாமே" என்றேன்.

"அது மாஸ்டர் வெச்சது. இருக்கட்டும்."

அது மட்டும் காரணமில்லை. அப்புறம் ஒவ்வொரு முறையும் சாப்பாடு போடும் முன் வெறும் குச்சியால் அந்தக் கல்லை ஒரு தட்டுத் தட்டுவாள். "இது கல்லு" என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். பிறகுதான் மீனைத் தேடுவாள். தேடிக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் களைப்பாக இருந்தால் குச்சியை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

*

மாஸ்டரிடமிருந்து எதுவும் வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. ஆறாம் நம்பர் நாற்காலியில் ஒரு பாங்க் காவலாளி வந்தார், அவரும் போய் இப்போது ஒரு பள்ளிக்கூட ஆயா. அம்மா ஒருநாள், "மனுஷன் இருக்காரோ இல்லையோ" என்றாள். "தாள் வரலை" என்றாள் அக்கா. வேறொரு ஆஸ்பத்திரியின் தாள் இங்கே எப்படி வரும் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாததா?

ஒரே ஒருமுறை, சொன்ன வார்த்தையை மீறி, அவர் எண்ணுக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை. இதை அவள் சொன்னது எட்டு மாதம் கழித்து.

அவர் போய் மூன்று வருஷம் நாலு மாதம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அக்கா கல்லைத் தட்டிவிட்டு, மூன்றாம் இடத்தில் இருந்த மீனுக்கு முன்னால் குச்சியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அவள் போன் ஒலித்தது.

"யாருன்னு பாருடி. கை ஈரம்."

தெரியாத எண். எழுத்து எதுவும் இல்லை. இருபது விநாடிக் குரல் பதிவு. அழுத்தினேன்.

முதலில் ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். பிறகு மடக், மடக் என்று யாரோ குடிக்கிற சத்தம். நடுவில் நிற்கவில்லை. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம். ஒரு பெருமூச்சு. அப்புறம் ஒரு வயதான குரல்: "ஒரே மூச்சு, சிஸ்டர்."

அக்கா குச்சியை எடுக்கவில்லை. நுனியில் இருந்ததை மீன் எப்போது பிடுங்கியது என்று அவள் பார்க்கவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றாள். போட்டேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். மூன்றாம் முறை போட்டபோது அக்கா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மடக்கு. முந்நூறு மில்லி இருக்கும்" என்றாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள். முழங்கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. ரொம்ப நேரம் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன பதில் போடட்டும்?" என்று கேட்டேன்.

"எடை எவ்வளவுன்னு கேளு."

தொட்டியைப் படம் எடுத்து அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள். முழுத் தொட்டியும் வருகிற மாதிரி எடுத்தேன். மீன் மூன்றாம் இடத்தில், வயிறு நிறைந்து, விளக்குக்குக் கீழே பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்தது.

பதில் மறுநாள் காலையில் வந்தது. அதே படம் திரும்பி வந்திருந்தது, சிவப்புக் கோட்டில் ஒரு வட்டம் போட்டு. நல்ல வட்டம், டிராயிங் மாஸ்டர் கைதான். அது இரண்டாம் இடத்துக் கல்லைச் சுற்றிப் போடப்பட்டிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "அறுபத்தொண்ணு கிலோ, சிஸ்டர். என்னைவிட அவன்தான் கொழுத்திருக்கான்."